சொரியாசிஸ் ஊசி: 17-ஐத் தடுப்பதா, 23-ஐத் தடுப்பதா?

மாத்திரையும் களிம்பும் கைகொடுக்காத சொரியாசிஸுக்கு இன்று இரண்டு அணி ஊசிகள் போட்டியில் இருக்கின்றன. செகுகினுமாப், இக்செகிசுமாப் ஒரு பக்கம். குசெல்குமாப், ரிசான்கிசுமாப் மறுபக்கம். பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. தோலுக்குள் நடப்பது புரிந்தால் வித்தியாசம் தானே புரியும்.

தோலில் காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் இன்டர்லூகின்-23 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதை உண்டு கொழுப்பவை டிஎச்-17 என்ற டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை). இவை இன்டர்லூகின்-17-ஐக் கொட்ட, சுமார் ஒரு மாதத்தில் மேலே வந்து உதிர வேண்டிய மேல்தோல் செல்கள் சில நாட்களிலேயே முண்டியடித்து வந்துவிடுகின்றன. முதிராமல் குவியும் அந்தச் செல்கள்தான் வெள்ளிச் செதில். டி செல்களுக்கு இதில் கை உண்டு என்ற துப்பு தற்செயலாகக் கிடைத்தது: டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது சொரியாசிஸும் அடங்கியதாக 1979-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதுவரை பழி பெரும்பாலும் மேல்தோல் செல்கள் மேல்தான் விழுந்தது.

முதல் அணி 17-ஐத் தடுக்கிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பதால் பலன் வேகமாகத் தெரியும். இக்செகிசுமாபையும் குசெல்குமாபையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வில், 12 வாரத்தில் தோல் முழுவதும் தெளிந்தவர்கள் முறையே 41 சதவீதம், 25 சதவீதம். ஆனால் 24 வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

23-ஐத் தடுக்கும் அணி மெதுவாகத் தொடங்கி நின்று ஆடுகிறது. இன்னொரு ஆய்வில், 48 வாரத்தில் 90 சதவீதமாவது குணம் கண்டவர்கள் குசெல்குமாபில் 84 சதவீதம், செகுகினுமாபில் 70 சதவீதம். ஊசியும் குறைவு: தொடக்கத் தவணைகள் முடிந்தபின் செகுகினுமாப் மாதம் ஒருமுறை, குசெல்குமாப் 8 வாரத்துக்கு ஒருமுறை, ரிசான்கிசுமாப் 12 வாரத்துக்கு ஒருமுறை. ஆறிய இடத்திலேயே படை திரும்ப வருவதற்குக் காரணம், அங்கே தங்கிவிடும் நினைவு டி செல்கள். 23-ஐ நிறுத்தினால் அவற்றுக்குத் தீனி குறைகிறது என்பதே நீடித்த பலனுக்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால் தோலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரிய தவறு என்பேன். காலையில் முதுகு விறைத்து, நடமாடினால் இளகுகிறதா? முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம். அங்கே 17-ஐத் தடுப்பது பலிக்கிறது, 23-ஐத் தடுத்த ஆய்வுகள் தோற்றன. குரோன் போன்ற குடல் அழற்சி இருந்தால் கதை தலைகீழ். குரோன் நோயாளிகளுக்கு செகுகினுமாப் கொடுத்தபோது பலன் இல்லை, சிலருக்கு நோய் கூடவும் செய்தது; ரிசான்கிசுமாபோ குரோனுக்கே அங்கீகாரம் பெற்ற மருந்து. வாயிலும் தோல்மடிப்பிலும் கேண்டிடா பூஞ்சையைத் தடுப்பதும் 17 என்பதால், முதல் அணியில் பூஞ்சைத் தொற்று சற்று அதிகம். டாக்டர் கேட்க மறந்தாலும் முதுகையும் வயிற்றையும் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை எந்த ஊசிக்கும் முன்னால் அவசியம். செலவு இரண்டிலுமே கனம். மெத்தோட்ரெக்சேட் என்ற பழைய மருந்து ஒத்துக்கொள்பவர்கள் அதை விட்டு ஓட வேண்டியதில்லை.

தோல் மட்டும்தான் தொல்லை என்றால் என் ஓட்டு 23-ஐத் தடுக்கும் ஊசிக்கு. இரண்டு மாதத்தில் கல்யாணம், அதற்குள் கைகால் தெளிய வேண்டும் என்பவருக்கு மட்டும் இக்செகிசுமாபைச் சொல்வேன்.