ஒன்றரை மில்லிமீட்டர் திரும்பிய பிராக்கெட்

சென்ற வாரம் பாகான் செராயிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். டிஷ் தட்டைச் சுவரில் மாட்ட நான் நான்கு ஆண்டுகள் வைத்திருந்த அதே இறக்குமதிப் பிராக்கெட்டின் விலை 89 ரிங்கிட்டிலிருந்து 55 ரிங்கிட்டுக்கு இறங்கியிருக்கிறதாம். "அண்ணே, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். காரணத்தைத் தொலைபேசியில் முழுவதுமாகச் சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருப்பது 90 சென்டிமீட்டர் தட்டு, சிறிய தட்டிலேயே பிடிக்கிற கேயூ பேண்ட் அலைக்கான எல்என்பி (தட்டு குவிக்கும் அலையை வாங்கும் கருவி), தட்டைத் திருப்பும் மோட்டார். வீடு சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) மூலை வீடு. தமிழ் அலைவரிசைகள் பல வருகிற 66 டிகிரி இன்டெல்சாட் 17 செயற்கைக்கோள் சி பேண்ட் என்ற வேறு அலையில் இயங்குகிறது. அதற்கு ஆறடித் தட்டும் தரையில் ஊன்றிய தூணும் வேண்டும். சுவர்ப் பிராக்கெட்டுக்கு அங்கே வேலையில்லை. நான் பேசுவது 91.5 டிகிரி மீசாட், 78.5 டிகிரி தாய்க்கோம் என்ற இரண்டு செயற்கைக்கோள்களுக்கும் இடையே திரும்புகிற சிறிய தட்டைப் பற்றி. இந்த டிகிரிகள் அவை நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகைகள்.

பிராக்கெட் வாங்குகிறவர் முதலில் நம் மலேசிய வானத்தைப் பார்க்க வேண்டும். லண்டனில் நேர் தெற்கே நிற்கும் செயற்கைக்கோள் தொடுவானிலிருந்து 31 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தட்டு சுவரோடு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். குட்டையான பிராக்கெட்டே அங்கு போதும், அதுதான் உறுதியும்கூட. சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 டிகிரிகூட இல்லை. இங்கே நேர் தெற்குச் செயற்கைக்கோள் 84 டிகிரி உயரத்தில், உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. மீசாட் 77 டிகிரி உயரத்தில், தாய்க்கோம் 63 டிகிரி உயரத்தில். தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். நம் வீடுகளிலோ மழைக்காகக் கூரையை நீளமாக இழுத்துவிட்டிருப்பார்கள். முன்பக்கச் சுவரில் இறவாரம் இரண்டரை அடி. அதற்குக் கீழே எந்தப் பிராக்கெட்டை மாட்டினாலும் தட்டு தகரத்தைத்தான் பார்க்கும். பக்கவாட்டுச் சுவரில் நீட்டம் ஓர் அடிதான் என்பதால் அங்கே போனேன்.

60 சென்டிமீட்டர் தட்டோடு வந்த மெல்லிய பிராக்கெட்டை முதலில் மாட்டிப் பார்த்தேன். மோட்டாரும் தட்டும் சேர்ந்து பத்துக் கிலோவுக்கு மேல். ஒரே வாரத்தில் வளைந்துவிட்டது. பிறகுதான் இந்த இறக்குமதிச் சரக்கு. சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும், 42 மில்லிமீட்டர் குழாயை யூ வடிவில் வளைந்த இரண்டு யூ போல்ட்கள் பிடித்திருக்கும். அதன் துத்தநாகப் பூச்சை நான் குறை சொல்லவே மாட்டேன். நான்கு ஆண்டு மழையில் ஒரு புள்ளி துருவில்லை. கழற்றியபோதும் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருந்தது.

ஆனால் அந்த இரண்டு யூ போல்ட்கள்! ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்ரா காற்று வரும். அப்படி ஒரு காற்று அடித்த மறுநாள் தாய்க்கோம் மறைந்துவிட்டது. மீசாட் வந்துகொண்டிருந்தது. பிராக்கெட் அசைந்திருந்தால் எல்லாமே போயிருக்கும் என்று நினைத்தேன். எல்என்பியை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். மோட்டாரை இறக்கி ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்தேன். 140 ரிங்கிட் வாங்கிக்கொண்டு பல் சக்கரத்தை மாற்றித் தந்தார்கள். மறுபடி ஏற்றினேன். தாய்க்கோம் வரவில்லை. இப்படியே இரண்டு மாதங்கள் போயின.

பொருத்திய நாளில் குழாயிலும் பிடியிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியில் நின்று பார்த்தபோது அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தது. இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். 42 மில்லிமீட்டர் குழாயில் அது 4 டிகிரித் திருப்பம். காற்று குழாயைப் பிடிக்குள்ளேயே திருகிவிட்டிருக்கிறது.

அப்படியானால் மீசாட் எப்படி வந்தது? நம் ஊரில் மோட்டாரின் அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. குழாய் திருகினால் அச்சும் திருகும். சுற்றும் பம்பரத்தின் நடுவில் வைத்த புள்ளி நகர்வதில்லை, ஓரத்தில் வைத்த புள்ளி ஓடுகிறது அல்லவா? உச்சியை ஒட்டி நிற்கும் மீசாட்டுக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான விலகல். 60 சென்டிமீட்டர் தட்டுக்கே போதுமான அலையை 90 சென்டிமீட்டர் தட்டு அப்போதும் பிடித்துவிட்டது. மேற்கே சரிந்து நிற்கும் தாய்க்கோமுக்கு ஏறக்குறைய 2 டிகிரி விலகல். இந்த அளவுத் தட்டில் 1 டிகிரி தப்பினாலே சக்தி பாதியாகிவிடும். ஆக, மேலே உள்ள கோள் வந்து ஓரத்துக் கோள் மறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயின் திருகலைத்தான். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த 140 ரிங்கிட் மிஞ்சியிருக்கும்.

நியாயமாகச் சொன்னால், பிடியையும் குழாயையும் சேர்த்துத் துளைத்து 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைக் குறுக்கே செலுத்தினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். நானும் செய்தேன், அதன் பிறகு அது அசையவில்லை. ஆனாலும் குழாய் குட்டையானது. கிழக்கே திரும்பும்போது தட்டின் விளிம்பு தகரத்தில் உரசும். அந்தச் சத்தத்தை நள்ளிரவில் கேட்டுக் கேட்டு மனம் விட்டுப்போயிற்று.

இப்போது இருப்பது ஊர் வெல்டிங் பட்டறையில் 130 ரிங்கிட்டுக்குச் செய்தது. சுவரிலிருந்து 55 சென்டிமீட்டர் நீட்டம், ஒரு மீட்டர் உயர இரண்டங்குலக் குழாய், கீழிருந்து முக்கோணமாக இரண்டு தாங்குகம்பிகள். குழாய் பற்றவைக்கப்பட்டிருப்பதால் திருகாது. தட்டு கூரைக்கு மேலே சுதந்திரமாகத் திரும்புகிறது. நான்கு 12 மில்லிமீட்டர் ராவல் போல்ட்களைச் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்கள்) செங்கலில் இறக்காமல் மூலையின் கான்கிரீட் தூணில் இறக்கினேன். பூசிய செங்கல் சுவர் இந்த ஆட்டத்தைத் தாங்காது. தட்டு இரவில் மீசாட்டிலிருந்து தாய்க்கோமுக்குத் திரும்பி, ஒரு நடுக்கமும் இல்லாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஒரே வருத்தம், எட்டே மாதத்தில் பற்றவைப்பு மூட்டுகளில் துரு வந்துவிட்டது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் அடித்தேன்; ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். ஏணியில் நின்று அடிக்கும்போதெல்லாம் அந்த இறக்குமதிப் பூச்சுதான் நினைவுக்கு வருகிறது.

இருந்தும் 55 ரிங்கிட்டுக்கு அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். போல்ட் போட்டால் சரியாகிவிடும் என்று நானே எழுதிவிட்டேன், தெரியும். இரண்டு மாதம் என்னை ஏமாற்றிய பொருளை நண்பர் வீட்டில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

தம்பி, உங்கள் வீடு பாதி செங்கல், பாதி பலகை. பலகையில் எதையும் மாட்ட வேண்டாம். பின்புறம் இடம் இருந்தால் இரண்டங்குலக் குழாயைக் கான்கிரீட்டில் ஊன்றிவிடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். மோட்டாரின் அட்சரேகை அளவுகோல் (ஊருக்கு ஏற்ப அச்சைச் சாய்த்து வைக்கும் அளவு) 5 டிகிரி வரை இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா மோட்டாரும் இறங்காது. சுவர்தான் என்றால், இறவாரம் எவ்வளவு நீட்டியிருக்கிறது, கான்கிரீட் தூண் எந்த மூலையில் வருகிறது என்று அளந்து எனக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரரிடம் நானே பேசுகிறேன்.