கூகிள் பிளே புரொடெக்ட்: வன்னிப் பாவனைக்கு எந்த அளவுக்குப் போதும்?

பிளே புரொடெக்ட் தனியே வாங்கி நிறுவ வேண்டிய பொருளன்று. கூகிள் சேவைகளுடன் விற்கப்படும் அன்ட்ரோய்ட் கைத்தொலைபேசிகளில் 2017ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி இயங்கி, தீங்கான செயலிகளைத் தேடிவரும் பாதுகாப்பு வசதி அது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளில் வங்கிச் செயலி, பிள்ளையின் பாடக்குறிப்புகள், வெளிநாட்டு உறவுகளுடனான வட்ஸ்அப் உரையாடல் ஆகிய அனைத்தும் விலை குறைந்த ஒரே போனில்தான் இருக்கின்றன. அத்தகைய குடும்பம் ஆண்டுதோறும் பணம் கட்டி வேறொரு வைரஸ் தடுப்புச் செயலியை வாங்க வேண்டுமா என்று கேட்டால், பிளே புரொடெக்ட் நிறுத்தப்படாமல் இயங்கும் வரையில் வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இதன் மதிப்பு வெளியிலிருந்து வரும் செயலிகளைக் கையாளும் விதத்திலேயே தெரிகிறது. நம்மவர் பலர் செயலிகளைப் பிளே ஸ்டோரில் தேடுவதில்லை. வட்ஸ்அப் குழுவிலோ புளூடூத்திலோ வரும் ஏபிகே (செயலியை நேரடியாக நிறுவும்) கோப்பைத் தொட்டு நிறுவிவிடுகிறார்கள். அவ்வாறு நிறுவப்படுவனவற்றையும் பிளே புரொடெக்ட் சோதிக்கிறது. முன்பு எங்கும் சோதிக்கப்படாத செயலியாயின் அதன் நிரலையே உடனுக்குடன் ஆராயும் முறையை 2023 ஒக்டோபரில் கூகிள் அறிவித்து, முதலில் இந்தியாவில் நடைமுறைப்படுத்தியது. ஜேர்மனியின் ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம் 2021இல் 15 பாதுகாப்புச் செயலிகளை ஒப்பிட்டபோது இது கடைசி இடத்தில் நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த நிலையிலிருந்து பின்னர் வெகுவாக முன்னேறியிருக்கிறது.

ஆயினும் இதை எவரும் சில தொடுகைகளில் நிறுத்திவிடலாம் என்பது பெருங்குறை. திருட்டுத் திரைப்படச் செயலியையோ உடனடிக் கடன் செயலியையோ நிறுவித் தருபவர் முதலில் செய்வது இதை நிறுத்துவதுதான். பின்னர் அதை மீண்டும் இயக்க வேண்டும் என்று போனுக்கு உரியவரிடம் எவரும் சொல்வதில்லை. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பிளே புரொடெக்ட் பக்கத்துக்குச் சென்று, அமைப்புகளில் சோதனை இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். பாவித்த போன் வாங்குபவர்கள், அது பிளே புரொடெக்ட் சான்று பெற்ற கருவியா என்பதைப் பிளே ஸ்டோர் அமைப்புகளிலேயே பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது. 2019இல் விதிக்கப்பட்ட அமெரிக்கத் தடைக்குப் பின் வெளியான பெரும்பாலான ஹுவாவி மாதிரிகளில் கூகிள் சேவைகள் இல்லாமையால், அவற்றில் இந்தப் பாதுகாப்பும் இல்லை.

சோதனையில் தப்பும் செயலியும் உண்டு. குறுந்தகவல்களைப் படிப்பது, அவற்றைப் பெறுவது, அறிவிப்புகளைப் பார்ப்பது, அணுகல்தன்மை வசதியை (மாற்றுத்திறனாளிகளுக்காகத் திரையைப் படித்து இயக்கும் வசதி) பயன்படுத்துவது ஆகிய நான்கு அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளைத் தடுக்கும் முறையைக் கூகிள் 2024இல் சிங்கப்பூரில் பரீட்சித்தது. வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கத்தை (ஓடிபி) திருடும் வழிகள் இவையே என்பதால், அவற்றைக் கேட்கும் ஏபிகே எதுவாயினும் மறுத்துவிடுங்கள். உற்பத்தியாளர் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நிறுத்திவிட்ட பழைய போனில், இயங்குதளத்தின் ஓட்டைகளைப் பிளே புரொடெக்டால் அடைக்க முடியாது. அத்தகைய போனில் வங்கிச் செயலியை வைத்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நம் மக்களை வருத்தும் மோசடிக்கு ஏபிகே கோப்பே தேவையில்லை. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்து, “தவறுதலாக உங்களுக்கு வந்த ஆறிலக்கக் குறியீட்டை அனுப்புங்கோ” என்று ஒரு செய்தி வருகிறது. அனுப்பியதும் உங்கள் வட்ஸ்அப் கணக்கு வேறொருவர் கைக்குப் போகிறது. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவினர்களிடம் உங்கள் பெயரால் அவசரத்துக்குக் காசு கேட்கப்படுகிறது. போரின் பின் வீட்டைக் கட்டியெழுப்ப உதவிய அண்ணனும் மாமாவும் அந்தக் குரலை நம்பாமல் இருப்பார்களா? இதைப் பிளே புரொடெக்ட் காணாது. காண்பதற்கு அங்கே செயலி எதுவும் இல்லை. வட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியிலுள்ள இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, நீங்களே தெரிவுசெய்த ஆறிலக்க எண்ணொன்றை இட்டுவிட்டால், குறுந்தகவலில் வரும் குறியீடு மட்டும் கணக்கைக் கைப்பற்றப் போதாது. அப்போது மின்னஞ்சல் முகவரியையும் பதிந்துவிடுங்கள். இல்லையேல் எண் மறந்துபோனால் அதை மாற்றுவதற்கு 7 நாள்கள் காத்திருக்க நேரும்.