பைலட் படிப்பு: உள்ளூர் பள்ளியா, வெளிநாடா, கேடட் திட்டமா?

பைலட் ஆக எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தால் ஒருத்தர் ஐம்பது லட்சம் என்பார், இன்னொருத்தர் ஒரு கோடிக்கு மேல் என்பார். எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரிதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொண்டுபோய் வைக்கப்போகிற அப்பா அம்மா முதலில் கேட்க வேண்டியது, லைசென்ஸ் கைக்கு வந்த நாளுக்கும் முதல் சம்பளம் வருகிற நாளுக்கும் நடுவே எத்தனை மாதம் ஓடும், அத்தனை மாதத்துக்கும் வட்டி கட்டப்போவது யார் என்பதைத்தான். நான் எல்லா வழிகளையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எங்கே படித்தாலும் இந்தியாவில் வேலை பார்க்க, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் லைசென்ஸ், வேண்டும். 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், கிளாஸ் 1 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சான்று, நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று ஒவ்வொரு பேப்பரிலும் 70 சதவீதம், ரேடியோ உரிமம், அப்புறம் 200 மணி நேரப் பறத்தல், அதில் 100 மணி பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்று. இதில் மெடிக்கலை எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்துவிடுங்கள். நிறக்குருடு மாதிரி ஒரு விஷயம் பாதிப் பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் அதைவிடக் கொடுமை கிடையாது.

உள்ளூர் பள்ளிகளில் இப்போதைய நிலவரத்துக்குத் தோராயமாக 50 முதல் 65 லட்சம் ஆகும். ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இக்ருவா என்ற பறத்தல் பள்ளி மத்திய அரசுடையது, நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும். மற்றவை பெரும்பாலும் தனியார். பதினெட்டு மாதத்தில் முடியும் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள், பல இடங்களில் அது இரண்டு, இரண்டரை வருடம் ஆகிறது. காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தால் போதும். காலை ஆறு மணிக்கே பையன்கள் யூனிஃபார்ம் போட்டு நிற்பார்கள், பலகையில் பெயர் இருக்கும், பனி விலகிப் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் வர ஒன்பதரை ஆகிவிடும், அதற்குள் இரண்டு ஸ்லாட் போச்சு. மூன்றாவதாகப் பெயர் இருப்பவன் விமானத்தைச் சுற்றிவந்து பரிசோதித்து முடிக்கும்போது இன்ஜினியர் வந்து, இந்த செஸ்னா (சின்னப் பயிற்சி விமானம்) 100 மணி நேரம் பறந்தால் செய்ய வேண்டிய சோதனைக்கு உள்ளே போகிறது என்பார். உள்ளே போன விமானம் ஒரு உதிரிபாகம் வரவேண்டும் என்று வாரக்கணக்கில் ஹாங்கரிலேயே நிற்கும். மழைக்காலம் இன்னும் மோசம். இதற்கிடையே ஹாஸ்டல், மெஸ், வட்டி எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். 2025-ல் டிஜிசிஏ முதல்முறையாகப் பறத்தல் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. ஏ பிளஸ், ஏ என்ற மேல் இரண்டு படிகளிலும் ஒரு பள்ளிகூட இல்லை, எல்லாம் பி, சி தான். விளம்பரத்தில் போடும் பளபளப்பான விமானப் படத்தைப் பார்த்துச் சேர்பவர்கள் இந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு எடுக்கட்டும்.

வெளிநாடு என்றால் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து. ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பறக்கலாம், விமானங்களும் அதிகம், அதனால் ஒரு வருடத்தை ஒட்டி மணிகள் முடிந்துவிடும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் கட்டணம் டாலரில். 2024-ல் 83 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது, 70,000 டாலர் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு அது மட்டுமே ஐந்து லட்சம் கூடுதல். சரி, அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே விமானக் கம்பெனியில் சேர்ந்துவிடலாமா? பெரும்பாலும் நடக்காது. 2009-ல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், விசாவும் இடம் கொடுக்காது. ஆக, திரும்பி வந்து லைசென்ஸை இந்திய சிபிஎல்லாக மாற்ற வேண்டும், அதற்கு டிஜிசிஏ பேப்பர்கள், மேலே பரிசோதகர் முன்னால் பறந்து காட்டும் செக் ஃப்ளைட், சில லட்சம் செலவு. பேப்பர் எழுதாமல் விமானம் ஏறிப்போனவர்கள் திரும்பி வந்து ஒரு வருடம் வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கிறேன், வெளியே போய் மிச்சப்படுத்திய நேரம் முழுக்க அதிலேயே கரைந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டுகள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. எல்லாப் பேப்பரையும் இங்கேயே முடித்துவிட்டுப் போகிறவருக்கு மட்டும்தான் இந்த வழி லாபம்.

மூன்றாவது கேடட் திட்டம். இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற கம்பெனிகள் தேர்வும் நேர்காணலும் வைத்து ஆளை எடுத்து, தங்கள் கூட்டுப் பள்ளிகளில் படிக்கவைத்து, பெரும்பாலும் ஏ320 டைப் ரேட்டிங்கும் (அந்த வகை ஏர்பஸ் பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) சேர்த்து முடித்துக்கொடுக்கும். செலவு ஒரு கோடியைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வழியில் 60 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் 6 லட்சம். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், டைப் ரேட்டிங்குக்குத் தனியாக 15 லட்சம் அளவில். இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் போனால் மொத்தம் 90 லட்சத்தை எட்டிவிடும், வராமல் போன இரண்டு வருடச் சம்பளம் அதற்கு மேல். அப்போது 1.1 கோடி கேடட் திட்டமே மலிவாகத் தெரியும். ஆறு மாதத்தில் வேலை கிடைத்துவிட்டால் சாதாரண வழிக்காரர் முப்பது லட்சம் மிச்சத்தோடு நிற்பார். கேடட் திட்டத்தில் கூடுதலாகக் கொடுக்கிற பணம் காத்திருப்பைக் குறைக்கக் கொடுக்கிற விலை. ஆனால் அவர்கள் தருவது நிபந்தனையோடு கூடிய கடிதம், கம்பெனி நன்றாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். 2020-ல் கொரோனா வந்தபோது கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிகளும் ஆள் எடுப்பதை நிறுத்தின. 1.1 கோடிக்குப் பத்து வருடத் தவணை மாதம் 1.45 லட்சம் வரும், புதுத் துணை விமானியின் சம்பளமோ சுமார் ஒன்றரை முதல் இரண்டரை லட்சம். அந்தச் சம்பளம் ஒரு வருடம் தள்ளிப்போனால் குடும்பம் தாங்குமா? தாங்காது என்றால் கேடட் பக்கம் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

"நாட்டில் பைலட் பஞ்சம் என்கிறார்களே, அப்புறம் ஏன் வேலை இல்லை?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. 2025 டிசம்பரில், வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக உயர்த்தி இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்த புதிய விதிகளுக்கு ஆள் போதாமல் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஆனால் பற்றாக்குறை கடுமையாக இருப்பது கேப்டன்களுக்கு. 1,500 மணியும், சிபிஎல்லுக்கு அடுத்த படியான ஏடிபிஎல் லைசென்ஸும் இல்லாமல் கேப்டன் ஆக முடியாது, அதற்குச் சில வருடங்கள் ஓட வேண்டும். 200 மணியோடு வாசலில் நிற்கிற கூட்டம் வேறு. 2023-ல் மட்டும் 1,622 பேருக்கு சிபிஎல் கொடுத்தார்கள், அத்தனை பேருக்கும் அந்த வருடமே இருக்கை காத்திருக்கவில்லை. உள்ளே நுழைந்துவிட்டால் கணக்கு தலைகீழ்: கேப்டனாகும்போது மாதம் ஐந்து லட்சத்துக்கு மேல், 65 வயதுவரை வேலை, போட்டதைவிடப் பல மடங்கு வந்துவிடும். கழுத்தை நெரிப்பது முதல் ஐந்து வருடங்கள்தான்.

காசே இல்லாத வழியும் ஒன்று உண்டு, விமானப்படை. டிகிரி முடித்து 20 முதல் 24 வயதுக்குள் ஏஎஃப்கேட் என்ற விமானப்படை நுழைவுத் தேர்வை எழுதலாம், சிபிஎல் இருந்தால் 26 வரை. ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் சம்பளத்தோடு பயிற்சி, ஷார்ட் சர்வீஸ் என்ற குறுகியகாலப் பணி என்றால் 14 வருடம். ஆனால் பைலட் திறன் தேர்வில் ஒருமுறை தோற்றால் மறுவாய்ப்பு இல்லை. படையில் சேர மனமார ஆசைப்படுகிறவர்கள் மட்டும் போகட்டும், ஏர்லைனுக்குக் குறுக்குவழியாக நினைத்துப் போகாதீர்கள்.

உள்ளூர் பள்ளிதான் என்று முடிவானால் நேரில் போங்கள். ஹாங்கரில் எத்தனை விமானம், இன்று எத்தனை பறக்கிறது, மாணவர் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதையே ஹாஸ்டல் பையன்களிடமும் கேளுங்கள். போன வருடம் சேர்ந்தவனின் லாக்புக்கில் (பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு) எத்தனை மணி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற இரண்டையும் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் வங்கிக்குப் போங்கள்.