தஞ்சாவூரா, சிங்கப்பூரா?

கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா), ஸ்ரீவிஜயம் (சுமத்ராவை மையமாகக் கொண்ட பழைய கடல் பேரரசு) பற்றி ஆராய ஆசைப்படும் கும்பகோணம், நாகைப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் உண்டு: தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமா?

செலவு: தஞ்சைக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம். சிங்கப்பூர், உதவித்தொகை கிடைத்தால் மட்டும்.

மொழி: இங்கே தமிழ், அங்கே ஆங்கிலம்.

சான்று: ராஜேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து வென்ற ஊர்களை அடுக்கும் கல்வெட்டு பெரிய கோயிலிலேயே இருக்கிறது. ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய பௌத்த மடமான சூடாமணி விகாரம் நின்ற நாகையும் பக்கம்தான் (இப்போது கட்டடம் இல்லை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்). ஆனால் இதெல்லாம் நம் பக்கத்துக் கதை. மலாய், ஜாவா தரப்பைக் கேட்க சிங்கப்பூர்தான் சரி. 1968இல் தொடங்கிய தென்கிழக்காசிய ஆய்வுக் கழகமும் அங்கேதான்.

கல்வெட்டு வாசிக்க வேண்டுமா, தஞ்சை. மலேயாத் தோட்டத் தொழிலாளர் வரலாறா, சிங்கப்பூர். இரண்டிலும் ஆசை என்றால் முதலில் தஞ்சை, அப்புறம் கப்பல்.