வலி நின்றதை மட்டும் நம்பி மூட்டுவலிப் பொடி வாங்காதீர்கள்: குடியாத்தம் வட்டார மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரங்களில் கல்யாண மண்டபங்களை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து "மூட்டுவலி நிவாரண இலவச முகாம்" நடத்தும் ஒரு கூட்டத்திடம் என் பெரியம்மா ஏமாந்ததையும், அதனால் அவர் உடல் பட்ட பாட்டையும், அதே பொட்டலத்தை இப்போது வீட்டில் வைத்திருக்கக்கூடியவர்களுக்காக எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயர்ச்சீட்டு இல்லாத இப்படிப்பட்ட பொடியைப் பல வாரங்களாகச் சாப்பிட்டு வருபவர்கள், இதைப் படித்த பயத்தில் இன்றைக்கே அதை நிறுத்திவிட வேண்டாம். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் போய், இதைத்தான் சாப்பிட்டு வருகிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். காரணத்தைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். மடியில் முறத்தோடு காலை முதல் மாலை வரை சம்மணமிட்டு உட்கார்ந்தே அவருடைய முழங்கால்கள் தேய்ந்துபோயின. அரசு மருத்துவமனையில் பார்த்தபோது, இது மூட்டுத் தேய்மானம், எடையைக் குறையுங்கள், தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், தாங்க முடியாத அன்று மட்டும் மாத்திரை போடுங்கள் என்று சொன்னார்கள். உண்மையான யோசனைதான், ஆனால் மெதுவாகப் பலன் தருவது. சர்க்கரை நோய்க்கும் அவர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அது ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்து துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போன மறுநாள், அக்கம்பக்கத்துப் பெண்களோடு அவரும் அந்த முகாமுக்குப் போனார். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நாடி பிடித்துப் பார்த்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை இருக்கிறதா, இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் இரண்டு மூன்று பேர் ஏறி, கம்பை ஊன்றி வந்தோம், இன்றைக்கு வீசி நடக்கிறோம் என்று நடந்து காட்டினார்கள். முகாம் இலவசம், மருந்து இலவசமில்லை. ஒரு மண்டலத்துக்கான பொடி 9,500 ரூபாய். ரசீது கேட்டவர்களுக்கு, இது வியாபாரமில்லை, சேவை என்று பதில் வந்தது.

பொடியோடு மூன்று பத்தியங்களையும் விதித்தார்கள், இந்த ஏமாற்று வேலையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. ஆங்கில மருந்து எதையும் தொடக்கூடாது. ஒரு மண்டலம் முடியும்வரை உடம்பிலிருந்து இரத்தம் எடுக்கக்கூடாது, எடுத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். மனதில் சந்தேகம் வரக்கூடாது, நம்பிக்கை இல்லாதவருக்கு மருந்து பலிக்காது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வைக்கிறது. இரண்டாவது, உள்ளே நடக்கும் கேட்டைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பரிசோதனையைத் தடுக்கிறது. மூன்றாவது, குணமானால் மருந்தின் பெருமை என்றும் குணமாகாவிட்டால் நோயாளியின் குற்றம் என்றும் முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்துவிடுகிறது. சோதித்துப் பார்க்கக்கூடாது என்று சொல்லும் எந்த மருந்தையும், அதைக் கொடுப்பவர் எந்த மரபின் பெயரைச் சொன்னாலும், வாங்காதீர்கள்.

பொடி வேலை செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே பெரியம்மா சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். நன்றாகப் பசித்தது, முகத்தில் தெளிவு வந்தது. அதில் என்ன கலந்திருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று நான் கேட்டபோது, "என் காலே சொல்லுதே கண்ணு, வேற யாரு சொல்லணும்?" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போது வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அவருடைய பேச்சைக் கேட்டு அதே தெருவில் இன்னும் பலர் பொடி வாங்கினார்கள். கூலி வாங்காத விளம்பரமாக அவரையே அந்தக் கூட்டம் ஆக்கிக்கொண்டது.

இரண்டாம் மண்டலம் முடியும் நேரத்தில் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. கைகள் மெலிந்தன, வயிறு பெருத்தது, லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் கருநீலத் திட்டு விழுந்தது. உடம்பு தேறுகிறது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பொடி தீர்ந்தது, முகாம்காரர்களின் தொலைபேசியும் அணைந்தது. அதற்கடுத்த சில நாட்களில் ஓயாத வாந்தி, எழ முடியாத சோர்வு, ஒருநாள் காலையில் மயக்கம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் அவருடைய முகத்தையும் தோலையும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் ஏதாவது பொடி, லேகியம் சாப்பிட்டீங்களாம்மா?" என்பதுதான்.

காலை நேரத்து இரத்தத்தில் கார்ட்டிசால் அளவைச் சோதித்தபோது அது மிகத் தாழ்ந்திருந்தது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உடலுக்குத் தேவையான இந்தச் சுரப்பை நாள்தோறும் தருகின்றன. அதே சுரப்பைப் போல வேலை செய்து வீக்கத்தையும் வலியையும் அடக்கும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் வெளியிலிருந்து வாரக்கணக்கில் உள்ளே போனால், அந்தச் சுரப்பிகள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகின்றன. அந்த நிலையில் வெளியிலிருந்து வருவதும் திடீரென்று நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று நான் முதலிலேயே எழுதியதற்குக் காரணம் இதுதான். பெரியம்மாவுக்கு அளவு தெரிந்த ஸ்டீராய்டையே மருத்துவர்கள் கொடுத்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். மூலிகை என்று விற்கும் வலிப் பொடிகளில் இந்த வகை மாத்திரைகளை அரைத்துச் சேர்ப்பது, மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் மோசடி. இந்த மாத்திரைகள் மிக மலிவானவை என்பதால், 9,500 ரூபாயில் ஏறக்குறைய எல்லாமே விற்பவருக்கு லாபம்தான்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது 11 ஆகியிருந்தது. மாத்திரையை நிறுத்தியது ஒரு பக்கம் ஏற்ற, ஸ்டீராய்டு மறு பக்கம் ஏற்றியது. இதைவிட எங்களை உலுக்கியது வேறொன்று. படுக்கையில் போர்வையை மாற்ற வந்த செவிலியர்தான் பெரியம்மாவின் இடது உள்ளங்காலில் இருந்த புண்ணை முதலில் பார்த்தார். செருப்பு ஆணி குத்திப் பல நாட்கள் ஆகியிருந்தன. சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்திருந்ததால் அவருக்கு அது வலிக்கவே இல்லை. காலே சொல்லும் என்று அவர் நம்பிய அந்தக் கால், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

வலி இல்லாமை நலத்துக்கு அடையாளமில்லை என்பதை உலகுக்கே எடுத்துக்காட்டிய ஊர் வேலூர் என்பதை நம் மாவட்டத்தார் மறக்கக்கூடாது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946 இல் இங்கே பணியாற்ற வந்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல்கள் தாமாக உதிர்ந்துவிடும் என்பது அப்போது மருத்துவர்களிடையேகூட இருந்த நம்பிக்கை. அவர் நோயாளிகளின் கைகளை நாள்தோறும் கவனித்துப் பார்த்தார். உணர்ச்சி போன கையால் சுடுபாத்திரத்தைத் தூக்குவதும், ஆணி ஏறிய காலோடு நடப்பதும், தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் கிடப்பதும்தான் விரல்களை அழிக்கின்றன என்று கண்டார். நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் கையை உற்றுப் பார்த்ததால் கிடைத்த உண்மை அது. அந்த அறிவே பின்னால் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கும் பயன்பட்டது. பெரியம்மா இன்று அணிந்திருக்கும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பும் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்தப் பணியின் வழியில் வந்ததுதான்.

மேடையில் நடந்து காட்டியவர்களைப் பார்த்து மயங்கியவர்களை யாரும் பழிக்க வேண்டாம். 1948 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாயிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, அவர் சில நாட்களிலேயே எழுந்து நடந்தார். அதற்காக 1950 இல் நோபல் பரிசும் கிடைத்தது. முகம் உப்புவதும் எலும்பு நலிவதும் சர்க்கரை ஏறுவதும் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெளிவாயின. அன்று அந்த மருத்துவர்கள் கண்டதை எழுதி வைத்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள், தீங்கையும் வெளியே சொன்னார்கள்; இன்று அதே வகைப் பொருளை ஒளித்து விற்பவர்கள் சோதிக்கவே கூடாது என்கிறார்கள்.

"இயற்கையானது கெடுதல் செய்யாது" என்ற நம்பிக்கையையும் இங்கே கேள்விக்கு உட்படுத்த வேண்டும். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு; அதே செடியிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், அளவோடு கொடுத்தால் கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்து. அளவை அறியாமல் இயற்கை என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொள்வதில் பயனில்லை. இதைச் சித்த மருத்துவத்தின் மீதான குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிச்சமிருந்த வெறும் பொட்டலத்தை அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கு நான் எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் எங்களைவிடக் கோபப்பட்டார். "இரத்தப் பரிசோதனை கூடாதுன்னு எந்தச் சித்த மருத்துவரும் சொல்ல மாட்டார். நாங்களே எழுதிக் கொடுத்துப் பார்க்கிறோம்" என்றார்.

விற்பனைக்கு வரும் சித்த மருந்தின் பெயர்ச்சீட்டில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், சேர்ந்த சரக்குகள், தயாரித்தவரின் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் தம்மிடம் வரும் நோயாளிக்கென்று தாமே செய்து கொடுக்கும் மருந்துக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு; அந்த விலக்கின் நிழலில்தான் இந்தக் கூட்டம் ஒளிந்துகொள்கிறது. அப்படிச் சொல்பவரிடம் பதிவு எண்ணையும் நிலையான முகவரியையும் கேளுங்கள். நீரிழிவையும் வாதநோயையும் குணப்படுத்துவதாக மக்களிடையே விளம்பரம் செய்வதே 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆகவே அந்தத் துண்டறிக்கையே ஒரு சாட்சி, அதைக் கிழித்துப் போடாதீர்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மாவட்டச் சித்த மருத்துவ அலுவலருக்கும் நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்களிடம் மருத்துவமனை அறிக்கைகள் இருக்கின்றன, பொடி மிச்சமில்லை. பிரிக்காத பொட்டலம், பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு, மேடையில் எடுத்த படம் இவற்றில் ஏதேனும் வைத்திருப்பவர்கள், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதே அலுவலகங்களில் தங்கள் புகாரையும் தனியாக எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தை வாடகைக்கு விடுபவர்களும், முகாம் நடத்த வருபவரிடம் மருத்துவப் பதிவுச் சான்றிதழின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு இடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.