மனையியல் வகுப்பு: செய்து காட்டுவதா, செய்ய விடுவதா?

புதிதாக மனையியல் எடுக்க வரும் ஆசிரியைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பாளையங்கோட்டைப் பக்கம் வகுப்பெடுத்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு நம் மறுவீட்டுச் சொதி, அதாவது கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு.

செலவு
காட்டினால்: ஒரு சட்டி, இரண்டு தேங்காய்.
விட்டால்: குழுவுக்கு இரண்டு. இன்றைய விலையில் கையைக் கடிக்கும்.

நேரம்
காட்டினால்: ஒரு பீரியட்.
விட்டால்: இரண்டும் போதாது, பாத்திரம் கழுவுவது தனி.

மனதில் நிற்பது
இங்கேதான் வித்தியாசம். காய் வேகத் தண்ணிப்பால் (தேங்காயை மறுபடி பிழிந்த நீர்த்த பால்), தலைப்பால் (முதலில் பிழிந்த கெட்டிப் பால்) ஊற்றியதும் கொதிக்க விடக்கூடாது, எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான் என்று பத்துத் தடவை சொல்வேன். தலையாட்டுவார்கள். தன் சட்டியில் பால் திரிந்துபோன பிள்ளைதான் அப்புறம் மறக்கவே மாட்டாள். (திரிந்த சொதியையும் இடியாப்பத்தோடு காலி செய்தோம்.)

கேஸ் அடுப்பு, குக்கர், அரிவாள்மணை எல்லாம் முதலில் செய்து காட்டுவதே சரி. அங்கே தப்புப் பண்ணிப் படிக்க முடியாது. ஐம்பது பேர் நெருக்கி உட்கார்ந்த வகுப்புக்கும் அதுதான். சமையல், காஜா (பொத்தான் துளை) எடுப்பது, வீட்டு வரவுசெலவு எழுதுவது மூன்றுக்கும் பிள்ளைகளைச் செய்ய விடுங்கள். தேங்காய்க்குக் காசு இடித்தால் ஆறு பேருக்கு ஒரு சட்டி.