அம்மாவின் முழங்காலும் ஜார்ஜ்டவுனில் ஒரு வலி கிளினிக்கும்

எங்கள் வீட்டு ஃப்ரிஜ் கதவில் ஒரு காகிதம் இன்னும் ஒட்டியிருக்கிறது. காலை 10 மணி: 8. 11 மணி: 3. 12 மணி: 2. மதியம் 2 மணி: 2. மாலை 6 மணி: 7. தன் வலது முழங்கால் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அம்மாவே போட்ட மார்க். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் வலி கிளினிக்கில் வலி நரம்பைச் சூட்டால் செயலிழக்க வைக்கும் சிகிச்சை எடுத்து வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் நிறைய பேர் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் இந்தக் காகிதத்தைத்தான் காட்டுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன, வலதில் அதிகம். மூட்டை மாற்ற வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது. இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, இனிப்பு நீரும் உண்டு. கத்தி மட்டும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். வலி மாத்திரையை நினைத்தபோதெல்லாம் போடவும் முடியாது, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். தோசை சுட அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். அதைப் பார்த்த வாரமே, நாங்கள் இருக்கும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி அழைத்துப் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே, "வலியால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். தமிழ் பேசும் தாதி மொழிபெயர்த்தார். "தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் படியேறாமல் கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார் அம்மா. டாக்டர் அதையும் ஃபைலில் எழுதிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் இதைச் சொல்வதில்லை: "இந்தச் சிகிச்சை மூட்டைச் சரி செய்யாது. தேய்மானம் தேய்மானமாகவே இருக்கும். வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சின்ன நரம்புகளைச் சூட்டால் செயலிழக்க வைக்கிறோம். அவை மறுபடி வளரும். ஆறு மாதம் தாங்கலாம், ஒரு வருஷமும் தாங்கலாம்."

இதற்குப் பெயர் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன். முதுகு வலிக்கு 1970களிலிருந்தே செய்கிறார்கள். முழங்காலுக்கு இது பரவியது 2011இல் கொரிய டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்ட பிறகுதான். ஊசிக்குள் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைக்கும் இன்னொரு வகைக்கு முழங்கால் வலிக்கென்று 2017இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதில் முனை 60 டிகிரிதான், ஆனால் சூடு இன்னும் அகலமாகப் பரவும். விலையும் அதிகம். நாங்கள் எடுத்தது 80 டிகிரி வரை போகும் சாதாரண வகை.

ஆனால் நேராகச் சுட்டுவிடுவதில்லை. முதலில் சோதனை ஊசி. முழங்காலைச் சுற்றி மூன்று இடத்தில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்தில் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்து மார்க் போட வேண்டும். ஃப்ரிஜ் கதவில் இருப்பது அந்த மார்க்தான். வலி பாதியாவது குறையாவிட்டால் அடுத்த கட்டம் கிடையாது, வலி இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வருகிறதா என்று தேட வேண்டும் என்றார் டாக்டர். அன்று மதியம் அம்மா துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறப் படியில் இறங்கினார். கைப்பிடியைத் தொடவே இல்லை. கடைசிப் படியில் நின்று குனிந்து முழங்காலையே பார்த்தார். "என் காலா இது?" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாலையில் வலி திரும்பிவிட்டது. அதற்குள் விடை கிடைத்துவிட்டது.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைக்காக இதய டாக்டரிடம் எழுதிக் கேட்ட பிறகுதான் தேதி கொடுத்தார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிடித்தது. அன்றைக்கு அம்மா விழித்துத்தான் இருந்தார். எக்ஸ்ரே படம் பார்த்தபடி ஊசியை வைத்து, மெல்லிய மின்சாரம் விட்டு, "விறுவிறு என்கிறதா?" என்று கேட்கிறார்கள். அப்புறம் பாதம் துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். துடித்தால் தப்பான நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே மட்டும் தொடுவதில்லை, பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே ஓடுகிறதாம். சுடுவது ஓர் இடத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிஷம். தையல் இல்லை, மூன்று பிளாஸ்டர்தான். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.

இனி குறை. முதல் பத்து நாள் வலி கூடும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மா அழுதுவிட்டார், காசையும் கொட்டிக் காலையும் கெடுத்துவிட்டோமா என்று எனக்குப் பயம். கிளினிக் எண்ணில் இரவில் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் தாதி, "இது வழக்கம்தான் அக்கா, ஐஸ் வைங்க, ரெண்டு வாரத்துல அடங்கிடும்" என்றார். அடங்கியும் விட்டது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போதே இதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வயதானவர்கள் நம்பி வரும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சோதனை ஊசியும் சேர்த்து 7,000 வெள்ளிக்குப் பக்கம் ஆனது. அம்மாவுக்கு மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இல்லை, நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டோம். அவ்வளவு முடியாதவர்கள் சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனை வலி கிளினிக்கைக் கேட்டுப் பாருங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. அம்மா இப்போது போடும் மார்க் 3, மழை நாளில் 4. தோசையை நின்று சுடுகிறார். வலி குறைந்திருக்கும் காலத்திலேயே தொடையைப் பலப்படுத்த வேண்டும் என்று பிசியோ சொன்னதால், தினமும் மாலை நாடகம் ஓடும்போது கணுக்காலில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டிக் காலைத் தூக்கி இறக்குகிறார். நான் பள்ளியிலிருந்து வர நேரமானால் பேத்தி எண்ணுகிறாள். தண்ணீர்மலையில் போன வாரம் நூறு படி ஏறிவிட்டு, போதும் என்று அவரே திரும்பிவிட்டார். இடது காலுக்கு அடுத்த மாதம் சோதனை ஊசி. அதே கிளினிக்தான்.